கம்பின் அடி எங்கே ஊன்றுகிறது?

தூண்டிலில் பிடித்த மீன்களின் உலக சாதனைகளைப் பதிவு செய்யும் அமைப்பு, இன்டர்நேஷனல் கேம் ஃபிஷ் அசோசியேஷன். 1939-ல் நியூயார்க்கில், அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் கூடிய ஒரு சிறு கூட்டத்தில் அது பிறந்தது. அதன் விதிகளில் கம்பின் நீளத்தைப் பற்றி இரண்டே அளவுகள் உண்டு. ரீலின் மையத்துக்கு நேர் கீழே உள்ள புள்ளியிலிருந்து கம்பின் நுனிவரை 40 அங்குலத்துக்குக் (101.6 செ.மீ.) குறையக் கூடாது. அதே புள்ளியிலிருந்து அடிமுனைவரை 27 அங்குலத்தைத் (68.58 செ.மீ.) தாண்டக் கூடாது. அடிக்கட்டை வளைந்திருந்தால் வளைவோடு அளக்காமல் நேர்கோட்டில் அளக்க வேண்டும்.

இந்த விதியைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். நுனிப் பக்கத்துக்குக் கீழ்வரம்பு மட்டும்தான் இருக்கிறது. அடிப் பக்கத்துக்கு மேல்வரம்பு மட்டும்தான். படகிலிருந்து மீன் பிடிக்க ஒருவர் பத்தடிக் கம்போடு வந்தாலும் இந்த விதி அவரைத் தடுக்காது. குட்டைக் கம்போடு வருபவரைத்தான் தடுக்கிறது. பெரிய மீனை அடக்க நீளமான, பிரம்மாண்டமான கம்பு வேண்டும் என்று கரையில் நிற்பவர்களுக்குத் தோன்றும். விதியை எழுதியவர்களோ நேர் எதிராக நினைத்தார்கள். நுனி குட்டையானால் மனிதனுக்கு லாபம், அடி நீண்டாலும் மனிதனுக்கு லாபம். இரண்டு வரம்புகளும் மீன் பக்கம் நின்று போடப்பட்டவை.

ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொண்டால், ஆழ்கடலில் டிரோலிங் செய்ய எத்தனை அடிக் கம்பு வேண்டும் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். டிரோலிங் என்பது, படகை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே பின்னால் இரைகளை இழுத்துவரும் முறை. மார்லின் என்ற பெரிய மீனுக்குப் போலி இரை இழுக்கும் படகுகள் பெரும்பாலும் மணிக்கு 6 முதல் 9 கடல்மைல் வேகத்தில் போகும். வாஹூ என்ற மீனுக்கு அதைவிட வேகமாக இழுப்பவர்களும் உண்டு. இரை மீனின் வாயில் சிக்கும்வரை கம்பு படகின் விளிம்பில் உள்ள துளையில் செருகி நிற்கிறது. சிக்கிய பிறகுதான் அது ஒரு மனிதனின் கைக்கு வருகிறது. இந்த இரண்டு கட்டங்களிலும் கம்புக்கு வேலை வேறு வேறு. நீளம் பற்றிய குழப்பத்தில் பெரும்பங்கு இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால் வருவது.

கைக்கு வந்த பிறகு நடப்பதை முதலில் பார்ப்போம்.

கம்பு ஒரு நெம்புகோல். அதன் அடிமுனை இடுப்புப் பட்டையின் கிண்ணத்திலோ நாற்காலியின் கிண்ணத்திலோ ஊன்றி நிற்கிறது. அதுதான் தாங்குபுள்ளி. மீன் இழுக்கும் விசை நுனியில். மனிதன் இழுக்கும் விசை நடுவில், முன்கைப்பிடியிலோ ரீலில் மாட்டிய தோள்வாரிலோ. கிணற்றுத் துலாவில் நீண்ட கையில் சிறிய வாளி தொங்கினாலும் குட்டைக் கையில் கனத்த கல்லைக் கட்ட வேண்டியிருக்கிறதே, அதே கணக்குதான் இங்கும். நீண்ட கை மீனிடம், குட்டைக் கை நம்மிடம்.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். 80 பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பு கட்டியிருக்கிறோம். ரீலுக்குள் உள்ள பிரேக்கை, அதாவது டிராக்கை, நரம்பின் வலுவில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வைப்பது வழக்கம். மூன்றில் ஒன்று என்றால் சுமார் 12 கிலோ. மீன் எத்தனை பெரிதானாலும், டிராக் வழுக்கிக்கொண்டிருக்கும்வரை நுனியில் விழும் பளு ஏறத்தாழ இதுதான். இப்போது ஐந்தரை அடிக் கம்பு ஒன்று, மொத்தம் 168 செ.மீ. ரீல் அடிமுனையிலிருந்து 40 செ.மீ. மேலே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பு வளையாமல் நின்று, நரம்பு அதற்குச் செங்குத்தாக இழுத்தால், தோள்வார் தாங்க வேண்டியது 12-ஐ 168-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தது: 50 கிலோ. அதே 40 செ.மீ. அடியோடு ஏழடிக் கம்பு (213 செ.மீ.) என்றால் 64 கிலோ. மீன் மாறவில்லை, நரம்பு மாறவில்லை, டிராக் மாறவில்லை. ஒன்றரை அடி கூடியதற்கு, ஆடும் தளத்தில் நிற்பவரின் இடுப்பும் முதுகும் 14 கிலோவைக் கூடுதலாகச் சுமக்கின்றன. ஒரு மணி நேரம் நீளும் சண்டையில் இது சாதாரண விஷயமில்லை.

ஏழடிக் கம்பின் அடியை மட்டும் 55 செ.மீ. ஆக்குங்கள். பளு 46 கிலோவுக்கு இறங்குகிறது. ஐந்தரை அடிக் கம்பைவிடக் குறைவு! ஆகவே மொத்த நீளத்தை மட்டும் சொல்லிக் கம்பு வாங்குவது அரைகுறையான பேச்சு. ரீலுக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று கேட்க வேண்டும். சங்கத்தின் விதி ரீலை நடுவில் வைத்து இரு பக்கமும் தனித்தனியாக அளப்பதன் நியாயமும் இங்கேதான் இருக்கிறது. விதி அனுமதிக்கும் இரு எல்லைகளையும் சேர்த்தால் கம்பு 170 செ.மீ., அதில் அடி 68.58 செ.மீ. அப்போதும் ரீலில் மனிதன் தாங்குவது மீனின் இழுப்பைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. இதற்குக் கீழே போக விதி வழிவிடவில்லை.

அப்படியானால் நின்று பிடிப்பவர்கள் எல்லோரும் அடியை 68 செ.மீ. வைத்துக்கொள்ளலாமே? முடியாது, கை எட்டாது. அடிமுனை தொடைக்கு மேலே ஊன்றியிருக்கும்போது ரீல் வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் இடையில் இருந்தால்தான் கைப்பிடியைச் சுழற்ற முடியும். நெம்புகோலின் கணக்கை மனித உடம்பின் அளவு குறுக்கே வந்து வெட்டுகிறது. தாங்குபுள்ளியை நாற்காலிக்கு மாற்றினால் அந்தத் தடை தளர்கிறது. நான் இந்த அத்தியாயத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதையே: என்ன மீன் என்பதற்கு முன்னால், கம்பின் அடி எங்கே ஊன்றப்போகிறது என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். நெம்புகோல் எப்போதும் மீனுக்குத்தான் சாதகம் என்றால் கம்பு எதற்கு? தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்தில் படகை ஓட்டிக்கொண்டே வஞ்சிரத்துக்கும் சூரைக்கும் நரம்பு இழுப்பவர்கள் கம்பு இல்லாமல் கையாலேயே இழுக்கிறார்களே? சரிதான். கையில் பிடித்த நரம்பில் 12 கிலோ இழுப்பு என்றால் கைக்கு வருவதும் 12 கிலோதான். விசையை மட்டும் பார்த்தால் கைநரம்பே சிறந்தது. கம்பு தருவது வேறு. முதலாவது, நூற்றுக்கணக்கான மீட்டர் நரம்பை ஓடவிட்டு மீண்டும் சுற்றிக்கொள்ளும் ரீலுக்கு அது தாங்கி. இரண்டாவது, நுனியை உயர்த்தி மீனை இழுத்து, தாழ்த்தும்போது கிடைக்கும் தளர்வை ரீலில் சுற்றிக்கொள்ளும் ஏற்ற இறக்கம். 45 பாகை உயர்த்தினால் ஐந்தரை அடிக் கம்பின் நுனி சுமார் 1.3 மீட்டர் நகர்கிறது. ஏழடிக் கம்பின் நுனி 1.6 மீட்டர். நீண்ட கம்பில் ஒவ்வொரு தடவையும் அதிக நரம்பு வரும், அதற்கேற்ப அதிக விசையும் கேட்கும். ஆற்றல் கணக்கில் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. மூன்றாவது, அது ஒரு வில்.

வில்லாக வளைவதில்தான் நீளத்தின் தாக்கம் மிகப் பெரிது. ஒரு முனை இறுகப் பிடிக்கப்பட்ட சட்டத்தின் மறுமுனையில் எடை தொங்கினால், அது தாழும் அளவு நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று பள்ளி இயற்பியலில் படித்திருப்போம். முன்கைப்பிடிக்கு மேலே வளையும் பகுதி ஐந்தரை அடிக் கம்பில் 95 செ.மீ., ஏழடிக் கம்பில் 135 செ.மீ. என்று கொண்டால் நீள விகிதம் 1.42. அதன் மும்மடி ஏறத்தாழ 2.9. ஒரே குழாயால் செய்திருந்தால் நீண்ட கம்பு மூன்று மடங்கு தொய்யும். அதை ஈடுகட்டச் சுவர்த் தடிமனை மாற்றாமல் குழாயைப் பருமனாக்கினால், மெல்லிய குழாயின் விறைப்பு ஆரத்தின் மும்மடியைப் பொறுத்தது என்பதால், ஆரமும் அதே 1.42 மடங்கு கூட வேண்டும். எடை இரட்டிப்பாகிவிடும். உண்மையான கம்புகள் நுனி நோக்கி மெலிபவை, வளைவும் பெரிது. அதனால் சூத்திரம் துல்லிய விடை தராது. போக்கை மட்டும் சொல்லும். ஆனால் போக்கு தெளிவு. குட்டைக் கம்பை எளிதில் விறைப்பாகச் செய்யலாம், நீண்ட கம்பை விறைப்பாக்க எடையையோ விலையையோ கொடுக்க வேண்டும்.

மூங்கிலும் மரமும் இருந்த இடத்துக்கு 1940-களில் கண்ணாடியிழை வந்தது, 1970-களில் கரிமயிழை வந்தது. கரிமயிழையின் யங் குணகம், அதாவது விறைப்பின் அளவு, கண்ணாடியிழையைவிடப் பல மடங்கு உயர்ந்தது. ஆனாலும் கனத்த டிரோலிங் கம்புகளில் கண்ணாடியிழை இன்றும் ஓய்வு பெறவில்லை. படகின் விளிம்பில் மோதினாலும், பளுவோடு அளவுக்கு மீறி வளைந்தாலும் அது சட்டென்று ஒடியாது. ஆழ்கடலில் எனக்கு இந்தப் பொறுமை, எடைக் குறைவைவிட மேலானதாகப் படுகிறது.

வளைவு இன்னொரு நன்மையும் செய்கிறது. கம்பு வளைய வளைய நுனி மீனை நோக்கித் திரும்பி, நெம்புகோலின் பலனுள்ள நீளம் குறைகிறது. முன்பு கணக்கிட்ட 168 செ.மீ. கம்பு வளைந்து 110 செ.மீ. ஆனால், 50 கிலோ 33 கிலோவாகிவிடும். நல்ல கம்பின் வடிவமைப்பாளர் இதை நம்பித்தான் நுனியை இளக்கமாகவும் அடியை உறுதியாகவும் வைக்கிறார். ஆனால் கம்பை அளவுக்கு மீறி நிமிர்த்திப் பிடித்தால் வளைவெல்லாம் மெல்லிய நுனிக்கு ஓடிவிடும், கம்பு அங்கே முறியும்.

நீண்ட கம்பு மீனின் முதல் வெட்டை உள்வாங்கிக்கொள்ளும் என்ற வாதத்தைப் பலரும் சொல்வார்கள். டிரோலிங்கில் எனக்கு அது அவ்வளவு ஒப்புதலில்லை. இரை சிக்கும்போது படகுக்கும் மீனுக்கும் நடுவே ஐம்பது மீட்டர் நைலான் நரம்பு இருக்கிறது. நைலான் நீளும் தன்மை உடையது. பளுவில் 5 சதவீதம் நீண்டாலும் இரண்டரை மீட்டர் ஆகிறது. கம்பின் நுனி வளைந்து கொடுக்கும் தூரம் அதற்கு முன் சிறிது. ஒன்றரை அடி நீளம் கூடிய கம்பு இதில் பெரிதாக என்ன சேர்த்துவிடும்? நீளாத பின்னல் நூல் கட்டியிருந்தாலோ, மீன் படகை ஒட்டி வந்து சில மீட்டர் நரம்பு மட்டும் மிஞ்சியிருந்தாலோ, அப்போது கம்பின் இளக்கம் உயிர்காக்கும்.

இந்தக் கணக்குகளை யாரும் தாளில் போட்டுத் தொடங்கவில்லை. தோல்வியில்தான் கற்றார்கள். கலிபோர்னியாவின் சாண்டா கேடலினா தீவில் 1898-ல் சார்லஸ் ஃபிரெடெரிக் ஹோல்டர் 183 பவுண்டு சூரை ஒன்றைக் கம்பும் ரீலுமாகப் பிடித்தார். அதே ஆண்டில் அங்கே டூனா கிளப் தொடங்கியது. அடுத்த பல ஆண்டுகள் ரீலில் டிராக் என்ற அமைப்பே சரியாக இல்லாமல், சுழலும் கைப்பிடி விரல்களை முறித்துக்கொண்டிருந்தது. 1930-ல் எழுத்தாளர் ஸேன் கிரே தாஹிட்டியில் 1,040 பவுண்டு மார்லினைக் கரை சேர்த்தார். ஆயிரம் பவுண்டைத் தாண்டிக் கம்பில் பிடிபட்ட முதல் மீன் அது. கரை சேர்வதற்குள் சுறாக்கள் அதில் ஒரு பகுதியைத் தின்றிருந்தன. சண்டை நீண்டால் மீன் சுறாவுக்கு. விட்டுவிடுவதற்காகப் பிடிப்பவர்களுக்கும் இதே கவலைதான். மணிக்கணக்கில் களைத்த மீன், கொக்கியைக் கழற்றிவிட்டாலும் பிழைக்காமல் போகலாம். ஆகவே, குறைந்த நேரத்தில் அதிக விசை கொடுப்பது எப்படி என்பதே கேள்வியாயிற்று. அதற்கு இரண்டு கடல்கள் இரண்டு விடைகளைக் கண்டன.

ஒன்று, ஹவாயின் கோனா. பெரிய எரிமலைகள் வணிகக் காற்றை மறித்து நிற்பதால் அந்தக் கரையில் கடல் பெரும்பாலும் அமைதி. கரையிலிருந்து சில கிலோமீட்டரிலேயே ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழம். 1959 முதல் அங்கே சர்வதேச மார்லின் போட்டி நடக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் படகின் பின்தளத்து நடுவே ஒரு கனத்த நாற்காலி, சுழலும்படி பொருத்தப்பட்டிருக்கும். முன்னால் கால் உதைக்கப் பலகை, நடுவில் அடிக்கட்டைக்குக் கிண்ணம். பிடிப்பவரின் இடுப்பைச் சுற்றிய வாளி போன்ற வார் நேராக ரீலில் மாட்டியிருக்கும். கைகள் இழுப்பதில்லை. கால்கள் உதைக்கின்றன, உடலின் முழு எடையும் பின்னே சாய்கிறது. இங்கே ஆறடியிலிருந்து ஏழடிவரையிலான கம்புதான் பொருந்தும், குட்டைக் கம்பு தொல்லை. உட்கார்ந்தவரின் முழங்கால், உதைபலகை, படகின் பின்பலகை எல்லாவற்றையும் தாண்டி நுனி வெளியே நிற்க வேண்டும். அடிக்கட்டையை வளைத்துச் செய்வதும் இதற்காகத்தான். வளைந்த அடி கிண்ணத்தில் உட்காரும்போது கம்பு வானம் பார்த்து நிமிராமல் பின்புறமாகத் தாழ்ந்து நீள்கிறது.

மற்றது சான் டியேகோ. அங்கிருந்து கிளம்பிய பெரிய படகுகள் பல நாள் ஓடி, மெக்சிகோவின் ரெவியாஹிஹேதோ தீவுகள் வரை போய்வந்தன. 1977-ல் அந்தத் தீவுகளில் ஒன்றான சான் பெனடிக்டோ அருகே 388 பவுண்டுக்கு மேற்பட்ட மஞ்சள் துடுப்புச் சூரை பிடிபட்டு நெடுங்காலம் சாதனையாக நின்றது. அந்தப் படகுகளில் ஆளுக்கொரு நாற்காலி போட இடமில்லை. மீன் சுற்றும் திசையிலெல்லாம், மற்றவர்களின் நரம்புகளுக்கு மேலும் கீழும் நுழைந்து, விளிம்பு நெடுகிலும் நடக்க வேண்டும். நின்றபடி, நடந்தபடி 300 பவுண்டு மீனோடு மல்லுக்கு நிற்பவர்கள் 1980-களில் கம்பை ஐந்தரை அடிக்கும் கீழே வெட்டிக் குறைத்தார்கள். இடுப்புப் பட்டையைத் தொடைவரை இறக்கினார்கள், தோள்வாரை இடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். நுனியைச் சிறிதாக உயர்த்திச் சிறிதாகத் தாழ்த்தும் குறும் அசைவால் மீனின் தலையைத் திரும்பவிடாமல் வைத்தார்கள். நங்கூரம் போட்டு உயிர் இரையால் பிடித்தவர்கள் கண்ட முறை இது. விரைவிலேயே டிரோலிங் படகுகளுக்கும் பரவியது. மார்ஷா பியர்மன் என்ற அமெரிக்கப் பெண்மணி நாற்காலியே இல்லாமல், குட்டைக் கம்போடு நின்றபடி மார்லின்களைப் பிடித்து விடுவித்து இதை உலகறியச் செய்தார். கையில் வலு உள்ளவர்களுக்கு மட்டுமான விளையாட்டு என்ற நம்பிக்கையை அது ஆட்டிவைத்தது. நெம்புகோலைச் சரியாக அமைத்துக்கொண்டால் உடல் எடையே போதும்.

இனி முதல் கட்டம். கம்பு கைக்கு வரும் முன் துளையில் நிற்கும்போது நீளம் என்ன செய்கிறது?

பல இரைகளை ஒன்றோடொன்று சிக்காமல் விரித்து இழுக்க அகலம் வேண்டும். இரை அலையின் மேற்பரப்பை அவ்வப்போது கிழித்துக்கொண்டு குமிழியோடு நீந்த, நரம்பு கொஞ்சம் உயரத்திலிருந்து இறங்க வேண்டும். நீண்ட கம்பு இரண்டையும் தரும் என்பது பொதுவான நம்பிக்கை. அளந்து பார்த்தால் உயரத்தின் லாபம் மிகச் சிறிது. நுனி நீர்மட்டத்திலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருக்க, இரை 15 மீட்டர் பின்னால் வந்தால் நரம்பின் சாய்வு சுமார் 11 பாகை. நீண்ட கம்பால் நுனி இன்னும் 40 செ.மீ. உயர்ந்தால் 13 பாகைக்குச் சற்றுக் குறைவு. 45 மீட்டர் பின்னால் வரும் இரைக்கு வித்தியாசம் அரை பாகைதான். அவுட்ரிகர் எனப்படும் பக்கவாட்டு நெடுங்கழிகள் உள்ள படகில் இந்தப் பேச்சே எழாது. நரம்பு கழியின் உச்சியில் ஒரு கவ்வியில் மாட்டியிருக்கும், மீன் கவ்வியதும் கழன்றுவிடும். உயரத்தையும் அகலத்தையும் கழி தீர்மானிக்கிறது. கம்பு எத்தனை அடி என்பது இரைக்குத் தெரியாது.

அவுட்ரிகர் இல்லாத சிறு படகில்தான் நீளத்துக்கு வேலை வருகிறது. இரண்டரை மீட்டர் அகலமே உள்ள படகில், இருபுறமும் எட்டடிக் கம்பைக் கிட்டத்தட்டப் படுக்கையாகச் செருகினால் பக்கத்துக்கு இரண்டு மீட்டர்வரை விரிவு கூடும். இரண்டு இரை இழுத்த இடத்தில் நான்கு இழுக்கலாம். ஆனால் அந்தக் கம்பு சூரைக்கும் மயில் மீனுக்கும் இலேசான நரம்போடு போதுமே தவிர, 80 பவுண்டு நரம்புக்கு உதவாது. மீன் சிக்கிய அடுத்த நொடியிலிருந்து அதே எட்டடியும் பிடிப்பவருக்கு எதிராக வேலை செய்யும். படுக்கையாக நிற்கும் கம்பில் விழும் வெட்டு, துளையின் திருகாணிகளைப் பிய்க்கும் அளவுக்குத் திருப்புத்திறன் கொண்டது என்பதையும் படகுக்காரர் நினைவில் வைக்க வேண்டும். விரிவுக்காக இரு ஓரங்களில் மட்டும் நீண்ட இலேசான கம்புகள், நடுவில் பெரிய மீனுக்கான குட்டைக் கம்புகள் என்று கலந்து வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

சண்டையின் கடைசி முப்பது மீட்டரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மார்லின் பெரும்பாலும் தொலைவில், மேற்பரப்பை ஒட்டிப் போராடும். சூரை அப்படியில்லை. படகுக்கு நேர் கீழே இறங்கி, வட்டம் போட்டுச் சுற்றும். நரம்பு செங்குத்தாக இறங்கும்போது நீண்ட இளக்கமான கம்பு படகின் அடிப்பக்கமாக மடிந்து, நரம்பைப் படகின் உடலில் உராயவிடுகிறது. கம்பை விளிம்பின் மேல் சாய்த்து ஓய்வெடுக்கவும் சாதனை விதி இடம் தராது. இந்த இடத்தில் ஐந்தரை அடிக் கம்பு, வட்டத்தின் ஒரு பாதியில் மீன் மேலே திரும்பும் ஒவ்வொரு முறையும் அரை மீட்டர், அரை மீட்டராக நரம்பைச் சேர்க்கும். நாற்காலி உள்ள படகிலும், சூரை எதிர்பார்க்கும் நாளில் நின்று பிடிக்கும் கம்பு ஒன்றைத் தனியாக வைத்திருப்பது இதனால்தான்.

நாற்காலி இல்லாத படகுக்கு ஒரே ஒரு கம்பு வாங்கக்கூடியவர், 50 பவுண்டு நரம்புக்கான ஐந்தரை முதல் ஆறடிக் கம்பைப் பார்க்கலாம். உயரமானவருக்கு ஆறடி இடைஞ்சல் இல்லை. குட்டையானவர் ஐந்தரையோடு நிற்பது நல்லது. கடையில் வெறுங்கையால் ஆட்டிப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு, ரீலைப் பொருத்தி, அடிமுனையைக் கிண்ணத்தில் ஊன்றுங்கள். நரம்பின் முனையை ஒரு வில்தராசில் கட்டி, தராசை இன்னொருவர் தரையோரம் பிடிக்கட்டும். தராசு ஏழு கிலோ காட்டும்வரை சாய்ந்து இழுத்து, அப்படியே ஐந்து நிமிடம் நில்லுங்கள். முதுகு தாங்காவிட்டால் அரை அடி குட்டையான கம்பைக் கேட்டு வாங்கி, அதே ஏழு கிலோவோடு மறுபடி நின்று பாருங்கள்.